பின்னால் தள்ளியவர், முன்னால் திருப்பியவர்

எஞ்சினைப் பின்னால் வைத்து ஓட்டுவது ஜெர்மனிக்காரன் மூளை என்று கார்ப் பைத்தியங்கள் சத்தியம் செய்வார்கள். போர்ஷே 911 உலகுக்கு முகம் காட்டியது 1963-ல். புதுச்சேரியில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே எஞ்சின் பின்னால்தான் இருந்தது. வேட்டி கட்டியிருந்தது. வெயில் நேரத்தில் முணுமுணுக்கவும் செய்திருக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் அதை பூஸ்-பூஸ் என்பார்கள். ஊருக்குள் புஷ் வண்டி. பழைய தபால் அட்டைப் படங்களில் இன்றும் பார்க்கலாம். சென்னையிலும் கொழும்பிலும் ரிக்‌ஷாவை ஆள் முன்னால் நின்று இழுத்தார். புதுச்சேரி முசியேவுக்கு அது ஒத்துவரவில்லை போலிருக்கிறது. கடற்காற்று வாங்கப் போகிறவர் முகத்துக்கு நேரே இன்னொருவர் முதுகு எதற்கு? ஆளைப் பின்னுக்கு அனுப்பிவிட்டார்கள். முசியே கையில் முன்சக்கரத்தைத் திருப்பும் நீளக் கம்பி. வேகம் எவ்வளவு என்பது பின்னால் இருப்பவருக்குத் தெரியும். எதிரே மாடு வருகிறதா என்பது முன்னால் இருப்பவருக்குத் தெரியும். இருவரும் பேசிக்கொள்ளப் பொதுவாக ஒரு மொழி கிடையாது. காலனி ஆட்சி எப்படி நடந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான செயல்முறை விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

வளைவில்தான் விஷயமே. புதுச்சேரித் தெருக்களை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்கள். எல்லா முனையும் சரியாகச் செங்கோணம். பின்னால் எஞ்சின் உள்ள கார் அப்படி ஒரு முனையில் திரும்பும்போது, பாரமான பின்பக்கம் பழைய திசையிலேயே போகப் பார்க்கும். ஓட்டுபவர் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். அங்கேதான் வினை. பாரம் முன்னால் சாயும், பின் டயர்களின் பிடி தளரும், வால் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்துவிடும். ‘பயந்தாலும் காலை எடுக்காதே’ என்பது அந்தக் காலத்து 911 ஓட்டியவர்களின் வேதவாக்கு. மனுஷனால் ஆகிற காரியமா?

புஷ் வண்டியில் இந்தப் பாவம் கிடையாது. அதன் எஞ்சின் தன் எடையைத் தானே, தன் காலிலேயே சுமந்தது. பின் அச்சில் ஒரு கிலோகூட ஏற்றவில்லை. உலகத்தில் வேறெந்த கார் கம்பெனியும் இதைச் சாதிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. தள்ளுகிறவர் வலப்பக்கம் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இதையே இரு பின்சக்கரத்துக்கும் வெவ்வேறு விசை அனுப்பும் எலக்ட்ரானிக் அதிசயம் என்று சொல்லி இன்று லட்சக்கணக்கில் கூட வாங்குகிறார்கள். ஆக முசியே கம்பியை ஒரு பக்கம் திருப்ப, பின்னால் இருப்பவர் தன் வீட்டுப் பக்கம் திருப்ப, வண்டி எங்கே போயிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

எஞ்சினை எங்கே வைப்பது என்ற குழப்பம் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பரம்பரைச் சொத்து. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் திரும்பக் கைக்கு வந்தது. லா த லோரிஸ்தோன் என்ற கவர்னர் செங்கல்லை எண்ணிக்கொண்டு மறுபடி கட்ட ஆரம்பித்தார். அவர் இங்கே சுவர் எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், பாரிஸில் கூஞோ என்ற ராணுவ எஞ்சினியர் சுவரை இடிக்கும் வண்டி ஒன்று செய்துகொண்டிருந்தார். வேண்டுமென்றே அல்ல, பீரங்கி இழுக்கத்தான் செய்தார். மூன்று சக்கர நீராவி வண்டி. ஒற்றை முன்சக்கரத்துக்கும் முன்னால், கல்யாணச் சமையல் அண்டாவைப் போல ஒரு கொதிகலன் தொங்கியது. பாரமெல்லாம் மூக்கில் இருந்தால் திருப்ப எத்தனை பேர் வேண்டும்? ஆள் நடக்கிற வேகத்தில் போன அந்த வண்டி 1771-ல் ஒரு மதிலில் மோதியதாகக் கதை. வண்டி இன்றும் பாரிஸ் மியூசியத்தில் இருக்கிறது. மதிலுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

மூக்கில் வைத்து அடிபட்டவர்கள் பிற்பாடு பின்னுக்குப் போனார்கள். ரெனோ எஞ்சினைப் பின்னால் மாட்டிக்கொண்ட அல்பீன் ஏ110 என்ற குட்டிக் கார், 1973-ல் முதல் உலக ராலி சாம்பியன் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. பனியிலும் மலை வளைவிலும் வால் ஆடும். ஆட்டத் தெரிந்தவர் கையில் அதுவே லாபம். புதுச்சேரிக்கு இதில் ராயல்டி வந்ததாகத் தகவல் இல்லை.

ஜெர்மனிக்காரருக்கும் பிரெஞ்சுக்காரர்கள் தொல்லை கொடுத்தார்கள். 911-க்கு முதலில் வைத்த பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கம் எங்கள் சொத்து என்று பெழோ கம்பெனி மல்லுக்கு நின்றது. பெயரை மாற்றினார்கள்; வால் மாறவில்லை. முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் படிக்கல்! பிறகு 1969 மாடலில் பின்சக்கரத்தை 57 மி.மீ. பின்னால் தள்ளினார்கள். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்க, சக்கரம் அதை நோக்கி நகர்ந்தது.

அதற்கும் மேலே வேண்டியிருந்தது டயர் வைத்தியம். 1973 கரேரா ஆர்.எஸ். மாடலில் முன்னால் 185 மி.மீ. அகலம், பின்னால் 215. அகலமான டயர் அதிக பாரத்தைத் தாங்கிக்கொண்டும் ரோட்டை விடாது. பின்பக்கம் வழுக்கும் முன் முன்பக்கம் வழுக்கட்டும் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் செவ்ரோலே கார்வேர் என்ற பின் எஞ்சின் காருக்கு இதே வேலையைக் காற்றாலேயே முடிக்கப் பார்த்தார்கள்: முன்னால் 15, பின்னால் 26 பவுண்டு. நாலுக்கும் ஒரே அளவு பிடிக்கும் பங்க் பையன் கையில் அந்தக் காரின் ஆயுள் கெட்டி என்று சொல்ல முடியாது. வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965-ல் புத்தகமே போட்டுக் கிழித்துவிட்டார்.

ரப்பர் கதையிலும் நம்மவர்கள் பக்கத்தில்தான் நின்றார்கள். மிஷ்லேன் கம்பெனி 1925-லிருந்து சைகோனுக்கு வடக்கே ரப்பர் தோட்டம் வைத்திருந்தது. அதே சைகோனில் புதுச்சேரித் தமிழர்கள் குமாஸ்தாக்களாகவும் போலீஸாகவும் பிரெஞ்சு அரசுக்கு வேலை பார்த்தார்கள். அந்த மிஷ்லேன்தான் 1946-ல் ரேடியல் டயருக்கு உரிமை பெற்றது. ஓரச்சுவர் வளைந்து கொடுக்கும், ரோட்டில் படும் பகுதி மட்டும் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். இன்று மிஷ்லேன் தேர்வாய் கண்டிகையில் டயர் செய்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப். புதுச்சேரியிலேயே, ஏரிப்பாக்கத்தில் டயர் செய்கிறது.

புதுச்சேரி ஆட்டோவிலும் எஞ்சின் பின்னால்தான். ஆனால் மூன்று சக்கரத்துக்கும் 4.00-8 என்ற ஒரே அளவு டயர். ஒரே ஸ்டெப்னி எங்கும் பொருந்தும். சனிக்கிழமை இ.சி.ஆரில் பறந்து வரும் போர்ஷேயில் முன் டயர் பின்னுக்குப் பொருந்தாது, ஸ்டெப்னியும் கிடையாது. ஒட்டுப் பசையும் காற்றடிக்கும் பம்பும்தான். ஓரச்சுவர் கிழிந்தால் பசை என்ன செய்யும்? சென்னையிலிருந்து 150 கி.மீ. தாண்டி லாரி வர வேண்டும். அதுவரை காரின் சொந்தக்காரர் கடற்கரைக்குப் போக ஆட்டோதான் பிடிக்கிறார். மீட்டர் போடச் சொல்லிப் பார்க்கிறார், பாவம்.