பேகனின் போர்வையும் எங்கள் கணினியும்

மலைமேல் உள்ள ஓர் அலுவலகத்தின் கணினியைச் சமவெளியிலிருந்து பரிபாலித்து வரும் மேலதிகாரி அவர்களின் சமூகத்துக்கு, ஏலகிரி அத்தனாவூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் பகிரங்க விண்ணப்பம்.

ஐயா,

தங்களை மேலதிகாரி என்று விளிப்பதில் எங்களுக்குச் சிறிது சங்கடம் உண்டு. நாங்கள் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் குடியிருக்கிறோம்; தாங்களோ அடிவாரத்தில் வீற்றிருக்கிறீர்கள். ஆகவே மேலிடத்துக்கு என்று நாங்கள் அனுப்பும் மனுக்களெல்லாம் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பொன்னேரியை அடைந்து, அங்கிருந்து இன்னும் கீழே போய்த்தான் மேலிடத்தைக் காண்கின்றன. தங்கள் உத்தரவுகள் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, கீழ்நிலை ஊழியர்களாகிய எங்கள் அலுவலகத்தாரைச் சேர்கின்றன. இந்தப் பூகோள முரண்பாட்டை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. மலைமேல் நிற்பவனுக்கு அடிவாரம் தெரிவது இயல்பு. அடிவாரத்தில் இருந்துகொண்டே மலைமேல் உள்ள ஒரு பெட்டியின் வயிற்றுக்குள் நடப்பதை அறிய வேண்டுமானால் அதற்கு விசேஷ ஞானம் வேண்டும். அந்த ஞானம் தங்களுக்குப் பூரணமாக வாய்த்திருக்கிறது என்பதற்கு மூன்று பதில் கடிதங்கள் கோப்பிலே சாட்சியாக இருக்கின்றன.

எந்த அலுவலகம் என்று சொல்லி, அங்கே இருக்கும் சாதுவான எழுத்தருக்கு ஊறு தேட எனக்கு விருப்பமில்லை. கணினியின் அடையாளத்தை மட்டும் சொல்கிறேன். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சொத்து எண்ணில் இன்னமும் வேலூர் மாவட்டத்தின் பெயர்தான் இருக்கிறது; 2019 நவம்பர் 28இல் திருப்பத்தூர் தனி மாவட்டமாகிவிட்ட சமாசாரம் அதற்கு எட்டவில்லை. நான் அங்கே போனது, நான் உயிரோடிருக்கிறேன் என்பதை ரேகை வைத்து நிரூபிப்பதற்காக. ஓய்வூதியக்காரர்கள் ஆண்டுக்கொரு முறை இந்த உண்மையைச் சர்க்காருக்கு நினைவூட்டக் கடமைப்பட்டவர்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதைக் கணினி மூலமாகவே செய்து முடிக்கும் ‘ஜீவன் பிரமாண்’ என்னும் ஏற்பாடு 2014இல் வந்தது. நான் கட்டைவிரலை வைத்தேன். யந்திரம் உயிரை விட்டது.

இது தற்செயலாக நேர்ந்ததென்று நினைத்து மறுநாளும் போனேன். அன்றும் அப்படியே. பிறகு, வேறு வேலையில்லாத மனிதனாகையால், வராந்தா பெஞ்சியில் நாள் முழுதும் அமர்ந்து அந்த யந்திரத்தின் தினசரியைக் கவனிக்கலானேன். காலையில் எழுத்தர் அதற்கு உயிரூட்டியதும் சுமார் இருபது நிமிஷம் புது மருமகளைப் போலச் சுறுசுறுப்பாக வேலை செய்யும். பிறகு உள்ளே இருக்கும் ஃபேன், மலைப்பாதையில் முதல் கியரில் ஏறும் பஸ்ஸைப் போல இரையத் தொடங்கும். பிறகு திரையில் எழுத்துக்கள் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து விழும். கடைசியில் அம்புக்குறி எங்கே இருந்ததோ அங்கேயே நிலைத்துவிடும். மவுஸை உருட்டினாலும் விசைப்பலகையைத் தட்டினாலும் அசைவிராது. “ஹேங் ஆயிடுச்சு” என்று சொல்லி எழுத்தர் பிளக்கைப் பிடுங்குவார். அரை மணி ஓய்வு. உழவு மாட்டை நிழலில் கட்டுவது போல யந்திரத்தை ஓய்வில் விட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போவார். நிலாவூரிலிருந்தும் மங்கலத்திலிருந்தும் சான்றிதழ்களுக்காக வந்த ஜனங்கள், வேர்க்கடலை தின்றுகொண்டு காத்திருப்பார்கள்.

நின்றதைச் சற்று ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறது. ஓடிச் சூடேறினால் நின்றுவிடுகிறது. நினைத்த நேரத்தில், குளிர்ந்திருக்கும்போதும் நின்றுபோகுமானால் ராம் என்னும் நினைவகத்தின் மீதோ, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். மீதோ சந்தேகப்படலாம். ஆனால் கடிகாரம் பார்த்து மயங்கி விழுகிற ஜந்துவுக்கு உஷ்ணத்தைத் தவிர வேறு வியாதி இருக்க நியாயமில்லை. எழுத்தரும் இந்த முடிவுக்கே வந்து, கணினி அதிக வெப்பமடைந்து நின்றுவிடுகிறது என்று தங்களுக்கு எழுதினார்.

தாங்கள் அளித்த முதல் பதிலை நான் பல முறை படித்து ரசித்திருக்கிறேன். ஏலகிரி கோடை வாசஸ்தலமாகும். குளிர்ப் பிரதேசத்தில் கணினி வெப்பமடைய வாய்ப்பில்லை. ஆகவே புகார் முகாந்தரமற்றது. தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு இணையான வாக்கியம் அரிது. இதன்படி உதகமண்டலத்தில் ஒருவருக்கும் ஜுரம் வரலாகாது. உயரே போகப் போக ஒரு கிலோமீட்டருக்குச் சராசரி ஆறு, ஏழு டிகிரி வெப்பம் குறைகிறது என்பது வாஸ்தவமே. வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும் நாட்களில் நாங்கள் சௌகரியமாக இருக்கிறோம் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் இந்த உயரத்தில் காற்று கடற்கரைக் காற்றைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஃபேன் அள்ளி வீசும் காற்றின் கனம் குறைவு. அது சுமந்து செல்லும் சூடும் அந்த அளவுக்குக் குறைவு. ஆகக் குளிர்ச்சியால் கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதியைக் காற்றின் மெலிவு பிடித்தம் செய்துகொள்கிறது. தவிர, விரல் நகமளவு சில்லின்மேல் எரியும் சூட்டை அகற்றும் வழி அடைபட்டிருந்தால், வெளியே பனி பெய்தாலும் உள்ளே கொதிக்கத்தான் செய்யும்.

எங்களுக்குக் கிழக்கே ஜவ்வாது மலையில், காவலூர் வான்நோக்கு நிலையத்தில், 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி இருக்கிறது. 1986இல் அதைத் திறந்து வைத்தார்கள். அதுவும் மலைதான், அங்கே வேலை நடப்பதோ நடுநிசியில். அப்படியிருந்தும் நட்சத்திரத்தின் ஒளியைப் பதிவு செய்யும் கருவியைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைக்கிறார்கள். மலைமேல் இருக்கிறோமே, அது போதாதா என்று அந்த விஞ்ஞானிகள் எண்ணவில்லை. தங்களைப் போன்ற ஒருவரின் ஆலோசனை அவர்களுக்குக் கிட்டவில்லை போலும்!

உஷ்ணம் கணினிக் குலத்துக்கே பிறவி நோய், ஐயா. 1946இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் மூதாதை சுமார் 18,000 வால்வுகளைக் கொண்டது. 150 கிலோவாட் மின்சாரம் குடித்தது. அதன் சூட்டை வெளியேற்றத் தனியே ஊதுவான்கள் வைக்க நேர்ந்தது. 1985இல் வந்த கிரே-2 என்னும் ராட்சதக் கணினியின் உறுப்புகளை மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்திலேயே அமிழ்த்தி வைத்தார்கள். இந்நாளைய சில்லு அவற்றைவிட விவேகமுள்ளது; தன் சூடு 100 டிகிரியை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது; அப்படியும் தணியாவிடில், எரிந்துபோகாமல் இருக்கத் தன்னை அணைத்துக்கொள்கிறது. அதாவது, முதலில் ஃபேன் இரைவது ஒரு மனு, பிறகு மந்தமாவது நினைவூட்டுக் கடிதம், நின்றுவிடுவது வேலைநிறுத்தம். நாங்கள் தங்களுக்கு எழுதிய கடிதங்கள் மூன்று. எங்கள் யந்திரம் தினந்தோறும் எழுதியவை எண்ணிலடங்கா.

இரண்டாம் கடிதத்துக்கு வந்த பதிலில், வைரஸ் காரணமாக இருக்கலாம் என்று அபிப்பிராயப்பட்டு, அதைத் தேடி ஒழிக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவிக் கணினி முழுவதையும் சோதிக்கும்படி கட்டளையிட்டிருந்தீர்கள். அவ்வாறே செய்யப்பட்டது. லட்சக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் அந்த வேலையைவிடச் சில்லுக்கு உழைப்பு தரும் காரியம் அந்த அலுவலகத்தில் வேறில்லை. ஜுரத்தில் கிடப்பவனை எழுப்பி, ஜோலார்பேட்டைக்கு ஓடிப்போய் மருந்து வாங்கி வா என்றது போலாயிற்று. இருபது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது, எட்டு நிமிஷத்தில் நின்றது.

மூன்றாவது பதிலோ கடிதமாக மட்டும் வரவில்லை. ஒரு பார்சலும் உடன் வந்தது. தூசியும் மலைக் குளிரும் தாக்காதவாறு கணினிப் பெட்டிக்குப் போர்த்தும்படி, நல்ல கனத்தில், ரெக்ஸின் உறை ஒன்று அனுப்பியிருந்தீர்கள். களவு போகாமலிருக்கப் பெட்டியை மர அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்றும் உத்தரவு. எங்கள் மலைப்பாதையின் வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். குளிரில் வாடுகிறதென்று எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் வளைவைக் கடந்துதான் தங்கள் உறையும் பஸ்ஸில் ஏறி வந்தது. நாற்பது வருஷ காலம் அந்த வரலாற்றைக் கொடைமடம் என்று பிள்ளைகளுக்குப் போதித்தவன் நான்; அதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கிற்று. மயிலாவது போர்வை பிடிக்காவிட்டால் உதறிவிட்டுத் தோகையை விரித்திருக்கும். எங்கள் யந்திரத்துக்கு அந்தச் சுதந்திரமும் இல்லை. அலமாரிக்குப் பூட்டு வேறு. ஆம்பூரில் பிரியாணி அண்டாவை மூடி, மூடிமேல் தணலைப் பரப்பித் தம் போடுவார்களே, அந்தச் சாஸ்திரம் வழுவாமல் கணினிக்கும் தம் போடப்பட்டது.

அன்று வரிசையில் நின்றிருந்த நிலாவூர்க் கிழவி ஒருத்தி அலமாரியின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்துவிட்டு, “பொட்டிக்கு வேர்க்குது போலக்குதுப்பா, அந்தத் துணிய அவுத்து வுடேன்” என்றாள். எழுத்தர் தங்கள் உத்தரவு நகலை எடுத்துக் காட்டினார். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது.

இனிச் சொல்லப்போவது ஒப்புதல் வாக்குமூலம். ஆம்பூரில் ஷூ கம்பெனிகளின் கணினிகளைப் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டு விருந்துக்காக மலைக்கு வந்திருந்தார். அவரை வலிய அழைத்துப் போனவன் நானே; எழுத்தர் சாவியைக் கொடுத்ததைத் தவிர வேறு பாவமறியாதவர். அந்த இளைஞர் முதலில் பெட்டியைத் திறக்கவே இல்லை. கணினியை உயிர்ப்பித்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே ஒரு விசையை அழுத்தி, பயாஸ் என்னும் நீலத் திரைக்குள் புகுந்து, சில்லின் வெப்பநிலை எழுதியிருக்கும் இடத்தைக் காட்டினார். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 88 டிகிரி, பார்த்துக்கொண்டிருக்கையில் 91. இந்த எண் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது, ஐயா. மூன்று கடிதப் போக்குவரத்திலும் இதைப் பார்த்துச் சொல் என்று தாங்கள் கேட்கவில்லை. பார்க்கலாம் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியை வராந்தாவுக்குக் கொண்டுவந்து பக்கத் தகட்டைக் கழற்றினார். நாமெல்லாம் சிபியு என்று அழைக்கும் அந்தப் பெட்டி சிபியு அன்று என்றும், உண்மையான சிபியு உள்ளே ஃபேனுக்கு அடியில் மறைந்திருக்கும் சிறு சதுரமே என்றும் போகிற போக்கில் எனக்கு ஞானோபதேசம் செய்தார். ஃபேனுக்குக் கீழே ஹீட் சிங்க் என்னும் அலுமினியப் பாளம். சீப்பின் பற்களைப் போல நெருங்கிய தகடுகள் அதில் இருக்க வேண்டும். எங்கள் கண்ணுக்குத் தென்பட்டது ஒரு சாம்பல் நிறக் கம்பளித் துண்டு! செம்மண், கோப்புகளின் காகிதத் தும்பு, ஆயுத பூஜை தோறும் காட்டிய சாம்பிராணியின் கரி, யாவும் காலக்கிரமத்தில் அழுந்தி நெய்யப்பட்ட போர்வை அது. தாங்கள் வெளியே போர்த்து அருளுவதற்கு முன்பே உள்ளே ஒன்று தானாக உற்பத்தியாகியிருந்தது. ஓரத்தில் பல்லி முட்டையின் ஓடும் ஒன்று. ஆம்பூரிலானால் இதே இடத்தில் தோலைத் தேய்க்கும்போது பறக்கும் பஃபிங் தூள் மாவாக அப்பியிருக்கும் என்றும், அதை மாதந்தோறும் எடுக்காவிட்டால் கம்பெனியில் சம்பளப் பட்டியலே வெளிவராது என்றும் அவர் சொன்னார்.

ஃபேன் சுழன்றுவிடாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தபின் மிஞ்சியிருந்த ஓர் அங்குலப் பிரஷால் முழுவதையும் துடைத்தெடுத்தார். ஹீட் சிங்கைச் சில்லோடு அழுத்திப் பிடிக்கும் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கழன்று நின்றது. அதைத் தூக்கிப் பார்த்தால், இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்த வேண்டிய பேஸ்ட், காய்ந்த சந்தனமாகப் பொரிந்து கிடந்தது. சுரண்டித் துடைத்து, பையில் வைத்திருந்த சிறு குழாயிலிருந்து ஒரு துவரம்பருப்பளவு புதுப் பேஸ்டை வைத்து, நான்கு கால்களையும் ‘டக்’ என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். நாற்பது நிமிஷ வேலை. பயாஸில் இப்போது 46 டிகிரி. பேஸ்டுக்காக அவர் வாங்கிக்கொண்டது 150 ரூபாய். அதை நான் கொடுத்தேன். அலுவலகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மறுநாள் முதல் யந்திரம் மாலை வரை நிற்காமல் ஓடுகிறது. என் ரேகையையும் அது அங்கீகரித்துவிட்டது. ஆகவே இவ்விண்ணப்பத்தை எழுதுபவன் உயிரோடிருப்பவன் என்பது சர்க்கார் ரீதியாகவே ஸ்தாபிதம்.

இந்நிலையில்தான் சென்ற வாரம் தங்கள் நான்காவது கடிதம், இம்முறை நாங்கள் எதுவும் எழுதாதபோதே, மலையேறி வந்தது. பெட்டியின் திருகின்மேல் ஒட்டியிருந்த முத்திரைச் சீட்டு கிழிபட்டிருப்பது தணிக்கையில் தெரியவந்ததாகவும், அனுமதியின்றிக் கணினியிலிருந்து அகற்றப்பட்ட பொருள்கள் யாவை, அவை இப்போது யார் வசம் உள்ளன என்பதற்கு எழுத்தர் ஏழு தினங்களுக்குள் விளக்கமளிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. எழுத்தர் நடுங்குகிறார், அவருக்குத் தங்கள் ரெக்ஸின் உறையைப் போர்த்தியிருக்கிறோம்.

அகற்றிய பொருளை நான் பத்திரமாக வைத்திருந்தேன். ஆசிரியனாக இருந்தவன் எதையும் எளிதில் எறிந்துவிடுவதில்லை. அதைத் தங்களிடமே ஒப்படைத்துவிடுகிறேன். கிடைத்தமைக்கு ரசீது ஒன்று அனுப்புமாறு மிகவும் தாழ்மையுடன் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்கு,
வராந்தா பெஞ்சியில் இருப்பவன்,
அத்தனாவூர், ஏலகிரி.

இணைப்பு: தூசி, ஓர் உறை. பல்லி முட்டை ஓடு, ஒன்று (உடைந்தது, எடுக்கும்போதே உடைந்திருந்தது).