பத்துக்குப் பதினொன்று

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் இவர் ஐந்து மீட்டர் டேப் வைத்திருப்பார். அதன் கனத்தில் சட்டை ஒரு பக்கமாக இறங்கி, தோளே கோணல் போலத் தெரியும். ஆர்.எம். காலனியில் ஒருவர், நேருஜி நகரில் ஒருவர், பழனி ரோட்டில் புதிதாக மனை பிரித்த இடங்களில் தெருவுக்கு ஒருவர் என்று திண்டுக்கல் முழுக்க இந்த ஜாடை ஆட்கள் உண்டு. ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றி, மூன்று சென்டில் வீடு கட்டி, கடைசியாகக் கொல்லையில் ஒரு பந்தல் போட்டுவிட்டால் போதும் என்று உட்கார்ந்தவர்கள். உட்கார்ந்தவர்கள்தான், இன்னும் எழவில்லை. எங்கள் தெருவுக்கு வாய்த்தவரைப் ‘பந்தல் சார்’ என்போம். பந்தல் வருவதற்கு முன்னால் பெயர் வந்துவிட்டது. நாலு வருஷம் ஆகிறது.

பெங்களூரிலிருந்து மகன் அனுப்பிய ஒரு படத்தில்தான் எல்லாம் தொடங்கியது. நான்கு தூண், மேலே இடைவெளி விட்டு அடுக்கிய சட்டங்கள், அடியில் மேசை, நாற்காலி, காப்பிக் கோப்பையோடு சிரிக்கும் ஒரு குடும்பம். “இதுக்குப் பேரு பெர்கோலாப்பா” என்றான் பையன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “இது பந்தல்தானங்க? மேல ஓல போடாம விட்டுட்டாங்க” என்றார். அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. பெர்குலா என்ற லத்தீன் சொல்லுக்குச் சுவரை விட்டு வெளியே நீட்டிய கூரை என்று பொருள். ஏறத்தாழ நம் தாழ்வாரம். ஆனால் சாருக்குப் பெயர் முக்கியமில்லை. “தாங்குமா?” என்று கேட்டார். அடுத்த கேள்வி, “எடம் பத்துமா?” அதோடு டேப் வெளியே வந்தது.

மூன்று சென்ட் என்றால் 1,306 சதுர அடியும் கொஞ்சம் சில்லறையும். அந்தச் சில்லறை எங்கே போனது என்று சாருக்குத் தெரியும். வீடு தின்றது போக, கட்டட விதிக்காகச் சுற்றிலும் விட்டது போக, தெற்கே கொல்லை மிச்சம். கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரை 27 அடி. மேற்கே பாதியை செப்டிக் டேங்க்கும், போரும், துவைக்கிற கல்லும் பிடித்துக்கொண்டன. கிழக்கோரத்தில் 14 அடி. அங்கேதான் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தினமும் மதியச் சாப்பாட்டுக்கு மேல் கட்டம் போட்ட காகிதத்தில் கணக்குப் போடுவார். பக்கத்து வீட்டு வேப்பிலை காகிதத்தில் விழும். தட்டிவிட்டு மறுபடி போடுவார்.

கணக்கு சுத்தமானது. மேசை நாலடி. நாற்காலியைப் பின்னால் தள்ளி ஓர் ஆள் எழுந்திருக்க இரண்டரை அடி. இரண்டு பக்கத்துக்கும் ஐந்து. உட்கார்ந்திருப்பவரை உரசாமல் காப்பித் தட்டோடு ஒருவர் போய்வர மூன்றடி. ஆக மொத்தம் பன்னிரண்டு. அன்றைக்கே குழி தோண்டியிருக்கலாம். கெட்டகாலம், சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. அதன் பின்பக்கத்தில் மனையடி சாஸ்திரம் இருந்தது.

மனையடிப்படி பத்தும் பதினொன்றும் நல்ல அளவு. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை ஒன்றும் ஆகாது. பதினாறுக்குப் போனால்தான் மறுபடி யோகம். கொல்லையில் கிடைப்பதோ பதினாலு. பந்தலுக்கு மனையடி பார்ப்பார்களா என்று நான் கேட்டேன். “தூண் நடுறோம்ல? தூண் நட்டா அது மனைதான்” என்றார். ஆகவே பத்துக்குப் பதினொன்று என்று முடிவானது. அந்த அளவில் நாற்காலியில் உட்காரலாம், எழுந்திருக்கலாம்; காப்பித் தட்டோடு ஒருவர் உள்ளே வருவதாக இருந்தால் உட்கார்ந்திருப்பவர் முதலில் எழுந்து வெளியே போக வேண்டும்.

நீள அகலம் முடிந்து உயரத்துக்கு வந்தபோது வீட்டம்மா, “மேல என்னத்தப் படர விடப் போறீங்க?” என்று கேட்டுவிட்டார். மல்லிகை என்று சார் சொன்னதும், நிலக்கோட்டைக்காரரான அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். குண்டுமல்லி செடி, வயலில் நிற்கும், பந்தல் ஏறாது. ஏறுவது முல்லை. சரி, காயாவது கிடைக்கட்டும் என்று புடலைக்குத் தாவினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 புடலை ஐந்தடிக்கு மேல் நீளும். எட்டடிப் பந்தலில் ஐந்தடிப் புடலங்காய் தொங்கினால் கீழே மூன்றடி மிச்சம். காய் நேராக வளர நுனியில் கல் கட்டும் வழக்கம் வேறு இருக்கிறது. மகன் படத்தில் காட்டிய அந்தச் சிரிக்கும் குடும்பம் முழங்காலிட்டு உள்ளே போய், நெற்றிக்கு நேரே ஆடும் கல்லுக்கு ஒதுங்கிக் காப்பி குடிக்க வேண்டியிருக்கும்.

உயரத்தில் தெளிவு பெற சார் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டுப் பக்கம் போனார். சிறுமலை அடிவாரம், பன்னீர் திராட்சைத் தோட்டங்கள். ஏக்கர் கணக்கில் கல்தூண் நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்துக் கொடி ஏற்றியிருந்தார்கள். அடியில் நடந்தால் வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் மேலே விழுகிறது. சார் வாயைத் திறந்தபடி நின்றார். தோட்டக்காரரிடம், “பந்தல் உயரம் என்ன கணக்குங்க?” என்று கேட்டார்.

அவர் புரியாமல் பார்த்துவிட்டுக் கையை மேலே தூக்கிக் கம்பியைத் தொட்டார். “கை எட்டணும்ல சார், பழம் பறிக்க?”

“அது எத்தனை அடி?”

“ஏங் கைக்கு எட்டுது.”

சார் டேப்பை எடுத்து அவரைக் கையைத் தூக்கியபடியே நிற்கச் சொல்லி, குதிகாலிலிருந்து விரல் நுனி வரை அளந்து குறித்துக்கொண்டார். நல்ல மனிதர், நின்றார். “எத்தனை நாளாச்சு இதப் போட?” என்று நான் கேட்டதற்கு, “ஆள் வந்தா வெரசா முடிஞ்சிரும். எடம் காயிறதுக்குள்ள கொடி ஏறணும்ல” என்றார். திரும்பும் வழியெல்லாம் சார் பேசவில்லை. சின்னாளப்பட்டி வந்ததும், “அந்தாளுக்குக் கை கொஞ்சம் நீளம். அத நம்ப முடியாது” என்றார்.

நத்தம் தாண்டிப் போனால் சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை இருக்கிறது. பாரியின் பறம்பு மலை அதுதான் என்பார்கள். படரக் கொம்பில்லாத முல்லைக்குத் தேரை விட்டுவிட்டு அவன் நடந்தே போனான். நம் சார் அந்த இடத்தில் இருந்திருந்தால் தேரின் அகலம், அச்சின் உயரம், சக்கரத்துக்கு ஈரம் ஆகுமா என்றெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் கொடி காய்ந்திருக்கும். ஒரு வகையில் தேர் மிஞ்சியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து உறுதி. பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று ஆனி, ஆடியில் பழனி, ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி இங்கே வந்து சேரும்போதும் தகரத்தைத் தூக்குகிற வேகத்தில்தான் இருக்கும். வெல்டிங் பட்டறைக்காரர் இரண்டங்குலக் குழாயே போதும் என்றார். பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்து பேர் வாங்கிய ஊரின் பட்டறைக்காரர், இரும்பைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சார் கேட்கவில்லை. தோட்டத்தில் பார்த்த கல்தூண்தான் வேண்டும், அதிலும் அதைவிடத் தடிமனாக. ஆறங்குலச் சதுரம், பத்தடி நீளம், இரண்டடி மண்ணுக்குள், எட்டடி வெளியே. ஒரு கல் கிட்டத்தட்ட நூற்றுத் தொண்ணூறு கிலோ வரும். நான்கு கல்லை மூன்றடிச் சந்து வழியாக ஆள் வைத்துத் தூக்கிக் கொல்லையில் போட்டபோது, கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சார், இதுல யானையக் கட்டலாம்” என்றார். சார் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இனி குழி தோண்ட வேண்டியதுதான் என்று தெருவே நம்பியது. அன்றைக்கு ராத்திரி சாருக்கு நிழல் ஞாபகம் வந்தது.

திண்டுக்கல் பூமத்திய ரேகையிலிருந்து பத்து டிகிரி சொச்சம்தான் வடக்கே இருக்கிறது. சித்திரை பிறந்த முதல் வாரத்திலும், ஆவணி இரண்டாம் வாரத்திலும் உச்சிப் பொழுதில் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்பான். பந்தலின் நிழல் பந்தலுக்கு அடியிலேயே கிடக்கும். மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடுவான். எட்டடிப் பந்தலின் நிழல் ஐந்தடிக்கு மேல் வடக்கே நகர்ந்து அடுக்களைச் சுவரில் ஏறும். அது போகட்டும், சுவர் நம்முடையது. ஆனால் சித்திரை வெயிலில் மதியம் மூன்று மணிக்கு மேல்? சூரியன் மேற்கே பாதி இறங்கியிருப்பான். எட்டடி உயரத்துக்கு எட்டடி நிழல் கிழக்கே நீளும். கிழக்குச் சுவரையொட்டிப் போடும் பந்தலின் நிழலில் பெரும்பாகம் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டில் விழும்.

அடுத்த வீட்டுக்காரரோடு சாருக்குக் காம்பவுண்டுச் சுவர் விஷயத்தில் முக்கால் அங்குலத் தகராறு நிலுவையில் இருக்கிறது.

“என் கல்லு, என் கம்பி, என் கூலி. மூணு மணிக்கு அவர் வந்து நெழல்ல உக்காருவாராம். நான் வெயில்ல உக்காந்து பாக்கணுமாம்.”

“அவருக்கு அது தெரியவே தெரியாதுங்க” என்றார் அம்மா.

“தெரிஞ்சுக்கிட்டா?”

அதோடு வேலை நின்றது. பந்தலை மேற்கே தள்ளலாம் என்று பார்த்தால் செப்டிக் டேங்க். தாழ்த்தலாம் என்றால் புடலை. கல் நான்கும் படுத்த இடத்திலேயே கிடக்கின்றன. அவை அடைத்துக்கொண்டதில், டேப்பை நீட்டிப் பிடிக்கக்கூட இப்போது கொல்லையில் இடமில்லை. ஆனால் உட்கார வசதி. நாற்காலி உள்ளே போய்விட்டது. அம்மா ஒரு கல்லில் வடகம் காயவைக்கப் பார்த்து, அந்த இடம் சரியாகக் காயவில்லை என்று மொட்டைமாடிக்கு எடுத்துப் போனார். ஏன் காயவில்லை என்று யாரும் யோசிக்கவில்லை. தெருக்காரர்கள் நாலைந்து பேர் மூன்று மணிக்கு மேல் அங்கே கூடி, பந்தல் எப்படிப் போடுவது என்று பேசுவோம். தேநீர் வரும்.

போன வாரம் சார் மேற்கு வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, “ஒன் வேம்பு குப்பையாக் கொட்டுது. இங்கிட்டு வர்ற கிளையக் கழிச்சு விட்ரு” என்றார். முப்பதடி மரம். அவனும் மரியாதை தெரிந்த பையன்; அரிவாளோடு ஏறி ஒரு கிளையை இறக்கினான். மணி மூன்றேகால். சாரின் வழுக்கையில் சுள்ளென்று ஒரு வெயில் விழுந்தது. சார் அடுத்த கல்லுக்கு நகர்ந்தார். இரண்டாவது கிளையும் விழுந்தது. அடுத்த கல்லுக்கு நகர்ந்தார். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன், நானும் நகர்ந்தேன்.

மேலேயிருந்து தம்பி, “மிச்சத்தையும் வெட்டிரவா சார்?” என்றான்.

சார் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். குனிந்து கல்லைப் பார்த்தார். கை பைக்குள் போனது.

“இரு தம்பி. எறங்கு. அளந்து சொல்றேன்.”