நாய்க்கு ஆபத்தா? முறையாகச் சொதப்புவது எப்படி

வாழ்த்துகள்! டாமிக்குப் பிறந்தநாள் கேக் வெட்டியாயிற்று, இன்ஸ்டாகிராமில் தனிக் கணக்கும் தொடங்கியாயிற்று. பாக்கி முதலுதவி ஒன்றுதான். அதிலும் நீங்கள் ஏற்கெனவே பாதி தேறியவர். மீதிப் பாதிக்குக் கீழே உள்ளதைப் பின்பற்றுங்கள்.

1. பெட்டியைத் தயார் செய்யுங்கள். தீபாவளிக்கு வந்த ஸ்வீட் டப்பா போதும். மூடி தொலைந்த டிஞ்சர், போன மழையில் நனைந்த பஞ்சு, ரோமத்தின் மேல் ஒட்டவே ஒட்டாத பிளாஸ்திரி நாலு. தெர்மாமீட்டர் வேண்டாம், நாய்க்கு அதை எந்த வழியாக வைக்க வேண்டும் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். டப்பாவைப் பரணில் ஏற்றுங்கள். ஏணி கீழ்வீட்டுக்காரரிடமே இருக்கட்டும்.

2. டாக்டர் நம்பரை போனில் சேமிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அபார்ட்மென்ட் குரூப்பில் கேட்டால் போயிற்று. எட்டுப் பேர் கைகூப்புவார்கள், ஒருவர் தன் மச்சினனின் நாய்க்கு நடந்ததைச் சொல்வார். சென்னைக்காரர்களுக்கு இன்னும் நிம்மதி. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது. அத்தனை வருஷம் நகராதது இன்றைக்கு ராத்திரி ஓடிவிடாது. வழியைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

3. மூக்கைத் தொட்டு ஜுரம் பாருங்கள். நாயின் இயல்பான உடல்சூடே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஆக, கல்லைத் தின்றாலும் செரிக்கும் நாய்கூட உங்கள் கைக்குச் சுடத்தான் செய்யும். எவ்வளவு வசதி பாருங்கள்: நோய் வரும்வரை காத்திருக்காமலே வைத்தியத்தை ஆரம்பித்துவிடலாம்.

4. உங்கள் மாத்திரையையே கொடுங்கள். உங்களுக்குக் கேட்கிற பாராசிட்டமால் அதற்குக் கேட்காதா? நாயின் ஈரலும் ரத்தச் சிவப்பணுக்களும் அதைத் தாங்காது என்பதெல்லாம் டாக்டர்கள் பேச்சு. கால் நொண்டினால் ஐபுப்ரோஃபென். வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வந்து சேர்ந்ததும் அது நொண்டுவதை நிறுத்திவிடும். எழுந்து நடந்தால்தானே நொண்டுவதற்கு! கசக்கிறதென்று துப்பினால் தயிர்சாதத்தில் ஒளித்துக் கொடுங்கள். பாசம் என்றால் அதுதான்.

5. கத்திரி வெயிலில் பன்னிரண்டு மணிக்கு வாக்கிங் கூட்டிப் போங்கள். நீங்கள் செருப்புப் போட்டிருப்பதால் தார்ச்சாலை சுடாது. நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் கொஞ்சம்தான், மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதனால் மூக்கு சப்பையான பக் வகையாகப் பார்த்து வாங்கியிருப்பது நல்ல தொடக்கம். திரும்பும்போது காருக்குள் விட்டுவிட்டு, கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவைத்து, ‘ரெண்டே நிமிஷம்’ என்று சூப்பர் மார்க்கெட்டுக்குள் போங்கள். தள்ளுபடி விற்பனையாக இருந்தால் நிதானமாகவே பாருங்கள்.

நாய் தள்ளாடி விழுந்தால் உடனே நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேனைப் போட்டுவிடும் ஆர்வக்கோளாறுகள் உண்டு. சூடு இறங்கிவிடும், ஜாக்கிரதை. நீங்கள் கனமான டவலை நனைத்து அதை இறுக்கிப் போர்த்துங்கள். உள்ளே இருக்கும் சூடு உள்ளேயே பத்திரமாக இருக்கும். பிறகு சுற்றி நின்று எல்லோரும் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

6. எலி மருந்தைத் தின்றதா? அட்டைப்பெட்டியை முதலில் குப்பையில் போடுங்கள். என்ன மருந்து என்று டாக்டருக்குத் தெரிந்தால் சுவாரசியம் போய்விடும். இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். ரத்தத்தை உறையவிடாத வகை மருந்தாக இருந்தால், அந்த இரண்டு நாளும் டாமி துள்ளி விளையாடும். ‘பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலை’ என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஈறில் ரத்தம் கசியும்போது போனால் போதும். வைட்டமின் கே1 என்று முறிமருந்து இருக்கிறது. முதல் நாளே போய் அதைச் சுலபமாக வேலை செய்யவிடுவானேன்?

7. சாக்லேட், திராட்சை, வெங்காயச் சாம்பார் என்று எதைத் தின்றிருந்தாலும் உப்பைக் கரைத்துத் தொண்டையில் ஊற்றுங்கள். தின்றதன் விஷம் போதாவிட்டால் உப்பின் விஷம் கைகொடுக்கும்.

8. பாம்பு கடித்துவிட்டால் நாயை விடுங்கள், பாம்பைப் பிடியுங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரிப்பது. எனவே டாக்டருக்குப் பாம்பைக் காட்டியாக வேண்டியதில்லை. நீங்கள்தான் காட்ட வேண்டும், தெருவுக்கு. கழியோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒருவர் நாயின் காலைக் கயிற்றால் இறுக்கட்டும், ஒருவர் பிளேடு தேடட்டும், ஒருவர் பச்சிலைக்காரரைக் கூட்டி வரட்டும். கடைசியில் தூக்கிக்கொண்டு போகாமல் டாமியை நடத்தியே கூட்டிப் போங்கள். ரத்த ஓட்டத்துக்கு நல்லது. விஷத்துக்கும்.

9. வண்டியில் அடிபட்ட நாயைக் கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வையுங்கள். வலியில் வளர்த்தவரையே கடிக்கும், மூச்சும் வாந்தியும் தொல்லை தராத நாய்க்குத் துணியால் வாயைக் கட்டிவிட்டுத் தூக்க வேண்டும் என்பார்கள். நம்ம டாமி அப்படியா? கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் குழாயடியில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டாம். சுண்ணாம்பு தடவுங்கள். தடுப்பூசிச் சீட்டு எங்கே என்று யாராவது கேட்டால், பரணைக் காட்டுங்கள்.

10. இத்தனைக்குப் பிறகும் கிளினிக்குக்குப் போயே தீர வேண்டியிருந்தால், எதையும் பார்க்காத ஆளாக ஒருவரை அனுப்புங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா உத்தமம். மருந்தின் அளவை எடை பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், ‘எவ்வளவு கிலோ?’ என்று கேட்டால் சித்தப்பா ‘நல்ல கனம் சார்’ என்பார். ‘என்ன கொடுத்தீங்க?’ என்றால் ‘ஒண்ணுமே கொடுக்கலை டாக்டர்.’ மாத்திரை, உப்புத் தண்ணீர் எதுவும் வெளியே வரக் கூடாது. நாய் மேஜையிலேயே கக்கிவிட்டால் தயிர்சாதம் என்று சொல்லட்டும். அது பொய்யும் இல்லை.

11. பிழைத்துவிட்டதா? டிரிப்ஸ், ஊசி, ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன வயசு டாக்டர் பற்றியெல்லாம் பேச்செடுக்காதீர்கள். கிளம்பும்போது நெற்றியில் ஒரு சிட்டிகை மஞ்சள் பூசினீர்களே, அதுதான் காப்பாற்றியது என்று அபார்ட்மென்ட் குரூப்பில் விவரமாக எழுதுங்கள். மூன்றாவது மாடி லாப்ரடாருக்குக் காலையிலிருந்து வாந்தியாம்.