நாயின் பல்லே சாட்சி

கேள்வி: நாய்க்கென்று பற்பசையும் மெல்லும் குச்சியும் விற்கிறார்களே, அவை பலன் தருகின்றன என்று நாயா வந்து சாட்சி சொல்லும்?

பதில்: நாய் சொல்லாது, அதன் 42 பற்களும் சொல்லும். அமெரிக்காவில் 1997 முதல் இத்தகைய பொருள்களுக்கு முத்திரை வழங்கி வரும் கால்நடை வாய்நல மன்றம், தானே சோதனை நடத்துவதில்லையாயினும், ஒத்த நிலையிலுள்ள நாய்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அப்பொருளைக் கொடுத்து, எந்த நாய் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று அறியாத ஒருவரைக் கொண்டு, பல்லின்மேல் படிந்த படலத்தைச் சாயமேற்றியும் காரையைத் தனியாகவும் அளந்து, இவ்விதம் இரு முறை நடத்திய பரிசோதனைகளின் முடிவை உற்பத்தியாளர் சமர்ப்பித்தாலன்றி எப்பொருளையும் அங்கீகரிப்பதில்லை. உறையிலுள்ள அழகான சித்திரத்தைவிட அந்த முத்திரையையே நான் நம்புவேன்.

கேள்வி: நம் வீட்டுப் பற்பசையையே நாய்க்கும் தேய்த்தால் என்ன?

பதில்: நீங்கள் கொப்பளித்துத் துப்புகிறீர்கள், நாய் துப்புமா? மனிதருக்கான பற்பசைகள் சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால், நமக்குத் தீங்கு செய்யாதது, நாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்தி, சில சமயம் கல்லீரலையும் சிதைத்து, அதன் பிராணனுக்கே அபாயம் விளைவிக்கும். மிருதுவான பிரஷ்ஷும் நாய்க்கென்றே செய்த பசையும் கொண்டு தினந்தோறும் தேய்ப்பதற்கு நிகரான வீட்டுப் பராமரிப்பு வேறில்லை. மெல்லும் குச்சி வாங்குவதானால், நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழாத அளவு கடினமானது பல்லையே உடைத்துவிடும், தயவுசெய்து வாங்காதீர்கள்.