கோமாவில் ஒரு வருஷம்

சிங்காநல்லூரில் ஆரம்பித்து ஒண்டிப்புதூர், சூலூர், காங்கேயம்பாளையம் என்று திருச்சி ரோட்டில் கிழக்கே போகப் போக, ஒரு வகை மனிதர்கள் பெருகிக்கொண்டே போவார்கள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். நறுக்கிவிட்ட மீசை, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் மூவண்ண வட்டம். விடிகாலையில் வாசலுக்கு வந்து தெருவில் கிடக்கும் ஆணி, கல், கம்பித் துண்டு எல்லாவற்றையும் குனிந்து பொறுக்குவார்கள். விமானத் தளங்களில் ஆட்கள் வரிசையாக நடந்து ஓடுபாதையைச் சுத்தம் செய்வது தினசரி வேலை; ஒரு சின்னக் கல் போதும், இன்ஜின் காலி. அந்தப் பழக்கம் பென்ஷன் வந்தும் விடவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவானாலும் ஊருக்கு அவர் ‘ஏர்ஃபோர்ஸ்காரர்’.

சூலூருக்கும் ஆகாயத்துக்கும் பழைய சம்பந்தம். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள் இறங்கிய திடல் அது. இன்று கோவாவில் இருக்கும் கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். ஹன்சா, 1961-ல் பிறந்தது இங்கேதான். விமானங்களைப் பழுது பார்க்கும் ஐந்தாம் எண் டிப்போ 1959-லிருந்து இருக்கிறது. தேஜஸ் போர் விமானத்தின் முதல் படைப்பிரிவு 2018-ல் குடிவந்தது. ஆனால் இருபது வருஷம் பஞ்சாப், அசாம் என்று சுற்றிய ஆள் கடைசியில் சூலூர் பக்கம் ஐந்து சென்ட் வாங்குவது தேஜஸை அண்ணாந்து பார்க்க அல்ல. மிலிட்டரி கேன்டீன் கிட்டத்தில் இருக்கிறது.

ஊருக்கு ஒரு நம்பிக்கை உண்டு: ஏர்ஃபோர்ஸ் என்றால் பிளேன் ஓட்டுகிறவர். “மாப்பிள்ளைக்கு ஆகாசத்துல உத்தியோகமுங்” என்று தரகர் சொன்ன ஒரே வரியில் மாமனார் விழுந்துவிட்டார். விஷயம் என்னவென்றால், விமானப்படையில் பைலட்டுகள் எல்லாம் அதிகாரிகள். நம்மவர் தாம்பரத்தில் தேர்வாகி, பெல்காமில் டிரில் அடித்து, ஏர்மேனாகச் சேர்ந்த இன்ஜின் ஃபிட்டர். யாராவது “நீங்க ஓட்டிருக்கீங்களா?” என்று நேராகக் கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். “ஃபார்ம் எழுநூறுல எங்க கையெழுத்து இல்லாம எந்தப் பைலட்டும் வண்டிய எடுக்க முடியாதுங்” என்பார். அது சத்தியமான உண்மை. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் தரைக்குழு சோதித்து அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் பைலட் விமானத்தைப் பொறுப்பேற்க முடியும்.

இவர்களில் மாஸ்டர் வாரன்ட் ஆபீசர் வரை ஏறிய சிலருக்கு ஓய்வுக் காலத்தை ஒட்டி அரசு ஒரு கௌரவப் பதவி தருகிறது. அதன் பெயர் ஃப்ளையிங் ஆபீசர். ஆயுள் முழுக்கத் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தவருக்கு, கீழே இறங்கும் நேரத்தில் இந்தப் பெயர். கேட்டில் பலகை மாறுகிறது. மாமனார் உயிரோடு இருந்திருந்தால் தரகரைக் கூப்பிட்டு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்திருப்பார்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மோட்டார் ரூமைப் பார்த்தால்தான் ஆளைப் புரியும். சுவரில் ஒரு பலகை. ஸ்பேனர், கட்டிங் பிளேயர், திருப்புளி ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்புப் பெயின்டில் வரைந்து, அதனதன் மேல் அதையதை மாட்டியிருப்பார். ஒன்று காணோம் என்றால் வெறும் கறுப்பு நிழல் பல்லிளிக்கும். ஹேங்கரில் ஒரு ஸ்பேனர் குறைந்தால் அது கிடைக்கிற வரை விமானம் கிளம்பாது. இங்கே மருமகன் பத்தாம் நம்பர் ஸ்பேனரை இரவல் வாங்கிப் போனதால் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிய கார் அரை மணி நேரம் வாசலில் நின்றது. அன்றைக்குப் பொங்கல் வைத்தது மத்தியானம்.

இத்தனை பேருக்குள்ளும் தனி அந்தஸ்து உள்ளவர் வெளிநாட்டுத் தளத்தில் இருந்து வந்தவர். காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு ஓரத்தில், கிவு ஏரிக்கரையில் கோமா என்று ஒரு நகரம். ஐ.நா. அமைதிப்படைக்காக 2003-லிருந்து 2011 வரை நம் விமானப்படையின் மி-17, மி-25 ஹெலிகாப்டர்கள், உடம்பெல்லாம் வெள்ளையடித்து, ‘யு.என்.’ என்று கறுப்பில் எழுதி அங்கே நின்றன. கூடவே நம் ஃபிட்டர்களும் ஆளுக்கு ஒரு வருஷம்.

அந்த ஊர்ப் பெயரால் வந்த வினை கொஞ்சநஞ்சமல்ல. விசாரிக்க வந்த உறவுக்காரியிடம் வீட்டம்மா வெள்ளந்தியாக, “அவருங்களா? ஒரு மாசமாக் கோமால இருக்காருங். நல்லா இருக்கறனு நேத்துக்கூட போன் பண்ணுனாரு” என்றார். பாதி வாக்கியம் பல்லடம் வரை போய்ச் சேர்ந்தது. மறுநாள் அத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அழுதுகொண்டே வந்து இறங்கினார்.

நம்மவர் வாயால் கோமாவைக் கேட்க வேண்டும். ஊருக்கு வடக்கே நியிராகோங்கோ என்ற எரிமலை. 2002 ஜனவரி 17-ல் அது வெடித்து, தீக்குழம்பு ஊருக்கு நடுவே ஓடி, விமான நிலையத்து ஓடுபாதையின் வடக்கு முனையை மூடிவிட்டது. மிச்சம் இருந்த நீளத்தில்தான் விமானங்கள் இறங்கின. ராத்திரி மலை உச்சி சிவப்பாகத் தெரியும். இதையெல்லாம் வேறு யாராவது பார்த்திருந்தால் கவிதை எழுதியிருப்பார்கள். கொங்கு நாட்டுக்காரர் முதலில் பார்த்தது மண்ணை. “எரிமலை மண்ணுங். உருளைக்கெழங்கு, பீன்ஸ், என்ன போட்டாலும் வருது. குன்னூர் மாதிரிக் குளுருங். நமக்கு மட்டும் அங்க ஒரு நாலு ஏக்கரா இருந்துச்சுன்னா…”

அடுத்து அவர் மனதைப் பறித்தது சுக்குடு. முழுக்க மரத்தில் செய்த பெரிய ஸ்கூட்டர், சக்கரமும் மரம்தான். இன்ஜின் கிடையாது. மூட்டை மூட்டையாகக் கரியும் முட்டைக்கோசும் ஏற்றி, சரிவில் ஏறி நின்று விட்டால் போதும், ஊர் வந்து சேர்ந்துவிடும். கோடிக்கணக்கில் விலை போகும் ஹெலிகாப்டருக்கு இன்ஜின் பார்த்த மனிதர் ஓய்வு நேரத்தில் அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அரை எச்.பி. மோட்டார் ஒன்றை எங்கே பொருத்தலாம் என்ற ஆராய்ச்சி. கோயமுத்தூர்க்காரரைக் காங்கோவில் விட்டாலும் மோட்டார் மாட்ட இடம் தேடுவார்.

சண்டையைப் பற்றிக் கேட்டால் ஏமாற்றம்தான். 2006 நவம்பரில் என்குண்டா என்ற கலகத் தளபதியின் ஆட்கள், கோமாவிலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளியிருக்கும் சாகே நகரத்துக்குள் வந்துவிட, நம் மி-25-கள் மேலே போய்ச் சுட்டுத் தடுத்தன. பத்திரிகைச் செய்தி இது. அவருடைய செய்தி: “போறதும் வர்றதும், எண்ணெய் ஊத்தறதும், போறதும் வர்றதும். பருப்புஞ்சோறு ஆறி வெறச்சுப் போச்சுங்.” போர் எவ்வளவு கடுமை என்பதைச் சோறு எவ்வளவு ஆறியது என்பதை வைத்து அளக்கிறவர் அவர். நிஜமாகவே வேலை பார்த்தவர்களின் அளவுகோல் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. வீரதீரமெல்லாம் கேன்டீன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் சொல்வது.

பேத்தி கேட்பாள்: “அப்புச்சி, கொரில்லா பாத்தீங்களா?” பக்கத்து விருங்கா காட்டில் மலைக் கொரில்லாக்கள் இருப்பது உண்மை. இவர் பார்த்தது தளத்து வேலியில் உட்கார்ந்த காக்காயை. அதையும் அவர் மறைக்கவில்லை. “நம்மூரு காக்கா மாதிரியேதான் சாமி, நெஞ்சு மட்டும் வெள்ள.”

முன்னாள் படைவீரர் கூட்டத்தில் மட்டும் அவர் வாயைத் திறப்பதில்லை. 1961-ல் இதே காங்கோவுக்கு ஐந்தாம் படைப்பிரிவின் ஆறு கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள், விங் கமாண்டர் சுவாரெஸ் தலைமையில் போயின. கமினா தளத்திலிருந்து கிளம்பி, கடாங்கா பிரிவினைக்காரர்களின் விமானங்களைக் கோல்வேசியில் தரையிலேயே அடித்து நொறுக்கின. அந்தத் தலைமுறை ஏர்ஃபோர்ஸ் பெரியவர் ஒருவர் முன் வரிசையில் இருந்துவிட்டால், கோமாக்காரரின் எரிமலை அணைந்துவிடும். “வெள்ளையடிச்ச ஹெலிகாப்டரா? நாங்க போனப்ப அங்க நெசமான ஏர்ஃபோர்ஸ் இருந்துச்சு தம்பி” என்பார் பெரியவர். அறுபது வயதுத் தம்பி தலையாட்டுவார்.

2024 ஆகஸ்டில் தரங் சக்தி கூட்டுப் பயிற்சிக்காக ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் சூலூரில் வந்து இறங்கியபோது, பேக்கரி வாசலில் தேங்காய் பன்னும் டீயுமாக நின்ற கூட்டம் முழுவதும் வானத்தைப் பார்த்தது. அவர் டீயைத்தான் பார்த்தார். “இது நம்ம தேஜஸ் இல்லீங். தேஜசுக்கு ஒத்த இன்ஜின். இதுல ரெண்டு.” மேலே ஒரு டைஃபூன் போர் விமானம் போய்க்கொண்டிருந்தது. அன்றைய டீக்குக் கடைக்காரர் காசு வாங்கவில்லை.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. காங்கோ போய் வந்தவர் டாலரில் புரண்டார் என்பது சொந்தக்காரர்கள் மத்தியில் அசைக்க முடியாத கருத்து. மாடி கட்டியதே சாட்சியாம். அந்தக் காலத்தில் ஐ.நா. ஆளுக்கு மாதம் 1,028 டாலர் கொடுத்தது உண்மை. அது போய்ச் சேர்ந்தது அரசாங்கத்தின் கணக்குக்கு. வீரர் கைக்கு ஐ.நா. கொடுத்த தினப்படி 1 டாலர் 28 சென்ட். நம் அரசு தந்த வெளிநாட்டுப்படி தனி. அது எவ்வளவு என்பதை மனைவியிடம்கூட அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். இப்போது அது செல்போனில். முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டினால் முடிந்தது. சேவை மையத்துப் பையன் போனை நீட்டினான். நம்மவர் விறைப்பாக நின்றார். பார்வை நேராக, இமை ஆடவில்லை. செயலி ஏற்றுக்கொள்ளவில்லை. “ஐயா, ஒருக்காக் கண்ணச் சிமிட்டுங்.” மறுபடியும் அதே அட்டென்ஷன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. பையன் சளைக்கவில்லை. போனைப் பிடித்தபடியே கேட்டான்:

“ஏனுங்கய்யா, காங்கோ போயிருந்தப்ப மாசம் எவ்வளவுங் குடுத்தாங்க?”

இரண்டு கண்ணும் படபடவென்று அடித்துக்கொண்டன. சான்று பதிவாகிவிட்டது.