கிரேக்கக் கலையறிஞர் ஆவதற்கு மரக்காணத்தில் உள்ள தடைகள்

கிரேக்கக் கலையில் அறிஞராக முதல் தேவை உடைசல். முழுப்பானை கிடைத்தால் அருங்காட்சியகம் கொண்டுபோய்விடும். ஓடு கிடைத்தால்தான் கட்டுரை வரும். இத்துறையின் தலைமகன் ஜான் பீஸ்லி, ஆக்ஸ்ஃபோர்டில் 1925 முதல் 1956 வரை பேராசிரியர். ஏதென்ஸ் பானைகளில் தீட்டிய காது, கணுக்கால், துணிமடிப்பு ஆகியவற்றைப் பார்த்தே இது இன்னார் கைவேலை என்று பிரித்துவிடுவார். ஓவியரின் பெயர் தெரியாவிட்டால், பல சமயம் பானை இன்று இருக்கும் ஊரையே பெயராகச் சூட்டினார். 'பெர்லின் ஓவியர்' அப்படிப் பிறந்தவர். அவர் வாழ்ந்த நாளில் பெர்லின் என்றொரு ஊரே இல்லை என்பதைத் துறையில் யாரும் குறையாகச் சொல்வதில்லை.

இம்முறையை மரக்காணத்துக்குப் பொருத்துவோம். இங்கே 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். மிதித்து இறுக்கிய பாத்தியில் உப்புநீர் ஏற்றி வெயிலில் விட்டால், உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் சுமார் 25 டிகிரி ஏறும்போது உப்பு இறங்கத் தொடங்கும். நீளக் கழியில் பலகை கோத்து வாருகிறார்கள். ஒருவர் வாரிய கோடு வரப்பு வரை நேராக வந்து நிற்கும். இன்னொருவர் வாரியது கடைசி முழத்தில் இடப்பக்கம் லேசாக ஒதுங்கும், அவர் குவியலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். பீஸ்லி ஒரு பருவம் இங்கே தங்கியிருந்தால் 'மூன்றாம் பாத்திக்காரர்', 'இடக்கைக்காரம்மா' என்று இரண்டு தொகுதி எழுதியிருப்பார். ஐப்பசியில் மழை வந்து, மூடி வைக்காத படைப்புகள் அனைத்தையும் கரைத்துவிடும். அப்புறம் கலைஞரின் இளமைக்காலப் பாணி, முதிர்காலப் பாணி என்று எதை வைத்துப் பிரிப்பது?

ஓடு கிடைத்த ஊர் தெற்கே, புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேடு. 1944இல் சென்னை அருங்காட்சியக அலமாரிக்குள் கைவிட்டுத் துழாவிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலருக்கு அம்போரா எனும் இருகாதுச் சாடியின் கழுத்து தட்டுப்பட்டது. மறு ஆண்டே அரிக்கமேட்டில் மண்வெட்டி இறங்கியது. அங்கே கிடைத்த, உருளையால் கோலமிட்ட 'ரௌலட்டட்' வட்டில்கள் மத்தியதரைக்கடலிலிருந்து வந்தவை என்றார் வீலர். 1988இல் விமலா பெக்லி அதை மறுத்தார். 1997இல் கோக்டே களிமண்ணைச் சோதித்து வங்காளம் என்றார். வட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. சொந்த ஊர் மாறியபோதெல்லாம் யாரோ ஒருவருக்குக் கட்டுரைப் பட்டியல் நீண்டது.

மரக்காணத்துக்கும் கிரேக்கத் தொடர்பு இல்லாமலில்லை. 'பெரிப்ளூஸ்' எனும் கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் சோபட்மா இவ்வூர்தான் என்பார் பலர்; சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமும் இதுவே என்பார்கள். அதே பாட்டில் வேறோரிடத்தில், உமணரின் உப்பு வண்டியோடு வந்த மந்தி ஒன்று சிப்பிக்குள் முத்தை அடைத்து உமணர் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. இக்காட்சி ஏதென்ஸ் பானையொன்றில் இருந்திருந்தால் 'கிலுகிலுப்பை ஓவியர்' பெயரால் ஒரு பேராசிரியர் பணி ஓய்வு வரை பிழைத்திருப்பார். பாட்டில் இருந்ததால் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணோடு நின்றது.

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அரிக்கமேட்டுச் சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் கணிசமானவை கோஸ் எனும் கிரேக்கத் தீவின் மதுச்சாடிகள் என்று அடையாளம் கண்டார். கோஸ் மதுவின் தனிச்சிறப்பு அதில் கடல்நீர் கலப்பது. அடிமை ஒருவன் அளவு குறைந்ததை மறைக்கக் கடல்நீரை ஊற்றியதில் பிறந்த முறை இது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு ரோமானியரான கேட்டோ இதற்குச் செய்முறையே தருகிறார்: அறுவடைக்கு 70 நாள் முன்பாக, காற்றடிக்காத நாளில், நன்னீர் வந்து சேராத ஆழ்கடலில் போய் நீர் மொண்டு வரவேண்டும். நன்னீர் கலந்தால் என்ன ஆகும் என்று மரக்காணத்தில் பாத்தி பார்க்கும் எவரைக் கேட்டாலும் நின்றவாக்கில் சொல்லுவார். அவரை மேற்கோள் காட்டப் பக்க எண் கிடையாது.

ஆகவே இவ்வூர் மாணவர் முனைவர் பட்டத்துக்கு 'மரக்காணம் உப்பு' என்று பதிவு செய்யலாகாது. 'கோஸ் தீவு மதுவில் உப்பு' என்று கொடுத்தால் நெறியாளர் கிடைப்பார். ஏதென்ஸ் போக உதவித்தொகை கேட்கலாம். ஒப்பீட்டுக் களப்பணி என்று மரக்காணம் வந்துபோகப் பயணப்படியும் கேட்டுப் பார்க்கலாம்.