தாளித நாத நிர்ணயம்

சமையல் என்பது நாவுக்கும் மூக்குக்கும் உரிய வித்தையென்றும், போனால் போகிறதென்று கண்ணுக்கும் அதில் ஒரு சிறு பாத்தியதை உண்டென்றும் உலகம் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறது. இவ்வெண்ணம் பிழைபட்டது என்பதையும், சமையலின் உயிர்நிலையாகிய தாளிதத்தில் செவியே தலைமைப் புலன் என்பதையும் தக்க பிரமாணங்களால் நிலைநாட்டுவது இவ்வாராய்ச்சியின் நோக்கம். பாட்டிமார் அனைவரும் அறிந்திருந்த இவ்வுண்மையை அவர்கள் ஏட்டில் எழுதிவைக்காமற் போனதற்குக் காரணம், எழுத உட்கார்ந்தால் அடுப்பில் மிளகாய் கருகிவிடும் என்னும் நியாயமான அச்சமாகவே இருக்க வேண்டும்.

தாளிப்புக் கரண்டியில் எண்ணெய் காய்கிற பருவத்தில் ஒலி ஏதும் இல்லை. அனுபவமுள்ளவர்கள் முதலில் ஒரே ஒரு கடுகைத் தூது அனுப்பிப் பார்ப்பார்கள். அது அடியிலேயே சோம்பிக் கிடந்தால் எண்ணெய் காயவில்லை, உடனே துள்ளினால் மற்றவற்றையும் போடலாம். போட்டபின் இரண்டொன்று வெடித்து, சற்றுத் தயங்கி, பிறகு எல்லாம் ஒருங்கே படபடவென்று பொரிந்து, மீண்டும் இரண்டொன்றாய் அடங்கும். அவ்வாறு அடங்கத் தொடங்கும் தருணத்தில் உளுத்தம்பருப்பும், அது சிவக்கும்போது கிள்ளிய மிளகாய் வற்றலும் பெருங்காயமும், இறுதியில் கறிவேப்பிலையும் விழ வேண்டும்.

இத்தருணத்தைக் கண்ணால் அறியலாகாதோ என்று கேட்பவருக்கு விடை எளிது: கடுகு பிறவியிலேயே கறுப்பு, கறுத்திருப்பதைக் கொண்டு அது கருகிவிட்டதென்று எந்தக் கண் சாட்சி சொல்லும்? மூக்கோவெனில், கருகிய பின்னரே செய்தி பெறுகிறது. அதனால் யாருக்கு என்ன லாபம்? நாவைக் காய்ந்த எண்ணெயிடம் பரிசோதனைக்கு அனுப்புவது விவேகிகள் செய்யக்கூடியதன்று. ஆகவே, பாரிசேஷ நியாயத்தால், எஞ்சி நிற்பது செவி ஒன்றே. இவ்விஷயத்தில் கடுகின் சொல்லே ஆப்தவாக்கியம்.

இனி அவ்வொலி எவ்வகை நாதம் என்பது ஆராய்தற்குரியது. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ அரசின் ஆதரவில் சங்கீத ரத்னாகரத்தை இயற்றிய சார்ங்கதேவர், நாதத்தை ஆஹதம், அநாஹதம் என இரண்டாக வகுத்தார். ஒரு பொருள் மற்றொன்றால் தாக்கப்படுவதால் பிறப்பது முன்னது. தாக்குதலின்றித் தானே ஒலிப்பதும் யோகியர் மட்டுமே உணரத்தக்கதும் பின்னது. கடுகை எவரும் தட்டவில்லை, மீட்டவில்லை, ஊதவில்லை. ஆதலால் அது அநாஹதமே என்றும், குகையில் பல்லாண்டு தவமிருந்து பெறவேண்டிய அநுபவத்தைத் தாளிக்கத் தெரிந்த எவரும் காலைச் சமையலிலேயே பெற்றுவிடுகிறார்கள் என்றும் பூர்வபட்சி வாதிப்பான். மறுக்க மனம் வராத வாதந்தான். ஆயினும் சாஸ்திரத்தில் தாட்சண்யம் கூடாது. கடுகினுள்ளே சிறிது ஈரம் உண்டு. எண்ணெயின் வெப்பம் நீர் கொதிக்கும் 100 டிகிரியைத் தாண்டி ஏறியதும் அவ்வீரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி, உள்ளிருந்தே தோலைத் தாக்கிப் பிளக்கிறது. தாக்குதல் உண்டு, தாக்குபவர்தாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே அது ஆஹதமே என்பது சித்தாந்தம்.

அப்படியானால் அது எந்தத் தாளம்? சூளாதி சப்த தாளங்கள் ஐந்து ஜாதிகளால் பெருகி 35 ஆகும் என்பது சங்கீதம் பயிலத் தொடங்கிய குழந்தைகளும் அறிந்தது. இம்முப்பத்தைந்தில் ஒன்றிலேனும் கடுகை அடக்கிவிடலாம் என்று முயல்வது வீண். ஏனெனில் தாளத்துக்கு லட்சணம் ஆவர்த்தனம், அதாவது தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருதல். ஒருமுறை வெடித்த கடுகு மறுமுறை வெடிப்பதில்லை. சுருங்கச் சொன்னால் கடுகுக்குக் காலப்பிரமாணம் உண்டு, தாளம் இல்லை. கணக்கில் பிடிவாதமுள்ளவர்கள் குக்கரின் விசிலை எண்ணிக்கொண்டிருக்கலாம். மூன்று விசிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டுமென்ற கட்டளையோடு உட்கார்த்திவைக்கப்பட்டவர், பேச்சு சுவாரசியத்தில், வந்தது இரண்டா மூன்றா என்று விழிப்பது எல்லா வீட்டிலும் நிகழ்வதே.

அடுத்தது தோட்ட சம்பந்தமான பிரச்னை: கறிவேப்பிலைச் செடி அடுப்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கலாம்? கடுகைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடி, ஓர் ஈர்க்கு ஒடித்துக்கொண்டு, ஒலி அடங்குமுன் திரும்பி வரக்கூடிய தூரமே உத்தமம். செடியருகே நிற்கும்போதும் படபடப்பு காதில் விழுவது மத்திமம். முன்கூட்டியே பறித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பது அதமம். இதைச் சோம்பேறித்தனத்தைக் கண்டிக்கும் வெறும் உபதேசமாகக் கொள்ளலாகாது. அவ்விலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை போன்ற புள்ளிகள் தெரியும். அவை வாசனைத் தைலத்தின் உறைவிடங்கள். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் குலத்தில் பிறந்த மரத்துக்கு இது பரம்பரைச் சொத்து. அத்தைலம் எண்ணெயில் எளிதிற் கரைவதாலேயே ஒரே ஈர்க்கு ஓர் அண்டா ரசத்துக்கும் போதுமானதாகிறது. கழுவிய இலையைத் துடைக்காமல் போட்டால் எழும் ஓசை தைலத்தினால் வருவதன்று; ஒட்டிய நீர் ஒரு நொடியில் ஆவியாவதால் வருவது. அந்தச் சடசடப்புக்கு அஞ்சி, இடக்கையில் மூடியைக் கேடயமாகப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு இலையை எறிபவர்கள் ரசிகர்களே ஆயினும் முதல் வரிசைக்குரியவர்கள் அல்லர்.

இம்மரத்தின் சாஸ்திரீயப் பெயரில் வரும் கோனிகி என்னும் பகுதி, 1768-இல் தரங்கம்பாடிக்கு மிஷன் வைத்தியராக வந்த கோனிக் என்பவரைக் குறிக்கிறது. அவருடைய குருவும் தாவர சாஸ்திரப் பிதாமகருமான லின்னேயஸே சிஷ்யனின் ஞாபகமாக இப்பெயரை இட்டார். லின்னேயஸின் வாயால் பெயர் பெற்ற மரத்தின் இலையைத்தான் நாம் காய்கறிக்காரரிடம் கத்தரிக்காய் வாங்கிவிட்டுக் கொசுறாகக் கேட்கிறோம். கொடுக்காவிட்டால் கடையையே மாற்றுகிறோம்.

எந்த எண்ணெயில் தாளிப்பது என்பதில் சம்பிரதாய பேதங்கள் உண்டு. நாஞ்சில் நாட்டாருக்குத் தேங்காயெண்ணெய், கொங்கு நாட்டாருக்குக் கடலையெண்ணெய், ரசத்துக்கு மட்டும் எல்லோருக்கும் நெய். கடுகு எதிலும் வெடிக்கும். அதற்குப் பட்சபாதம் கிடையாது. இறுதியில் கரண்டியோடு ரசத்துள் முக்கும்போது எழும் ‘சொய்ங்’ என்னும் ஒலியையும் அதன் ஆவியையும் உடனே மூடியிட்டுச் சிறைப்படுத்த வேண்டும் என்பதிலும் எக்கட்சியாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இக்காலத்தில் இந்நாதத்துக்கு நேர்ந்திருக்கும் பெரிய விக்கினம் அடுப்புக்கு மேலே பொருத்தப்படும் புகைபோக்கி விசிறி. அதன் இரைச்சலில் கடுகு வெடித்ததா ஓய்ந்ததா என்பது தெரியாமல் உளுத்தம்பருப்பைக் கருகவிட்டுப் பழியைப் பருப்பின் தரத்தின்மேல் போடுகிறார்கள். எண்ணெய் காய்ந்தது முதல் கறிவேப்பிலை விழும்வரை அதை நிறுத்திவைப்பதே முறை. மிளகாய் கருகி நெடி கூடத்துக்குப் பரவி, பத்திரிகை படித்துக்கொண்டிருப்பவர் முதல் தொட்டிற்குழந்தை வரை சகலரும் இருமத் தொடங்கும் சந்தர்ப்பம் இவ்விதிக்கு விலக்கு. அப்போது விசிறியோடு ஜன்னல்களையும் திறந்துவிடலாம்.